எண்ணெய்க் குழாய் கசிந்தால் வயலுக்கும் ஆற்றுக்கும் கிணற்றுக்கும் என்ன ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சை மாவட்டம் கதிராமங்கலத்தில் 2017 ஜூன் 30 அன்று வயல்வெளியில் கச்சா எண்ணெய்க் குழாய் ஒன்று கசிந்தது. 2023 மார்ச்சில் நாகூரை அடுத்த பட்டினச்சேரிக் கடற்கரையில் இன்னொரு குழாய் கசிந்து கடலில் எண்ணெய் பரவியது. இவ்விரண்டையும் ஒட்டி உழவர்களும் மீனவர்களும் மாணவர்களும் என்னிடம் எழுப்பிய ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்ததால், அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பல்லாண்டுகள் தொடர்ந்து ஆராயப்பட்ட கசிவுகள் அமெரிக்காவின் மிச்சிகன், மின்னசோட்டா மாநிலங்கள், நைஜீரியாவின் நைஜர் கழிமுகம் போன்ற இடங்களில் நிகழ்ந்தவை. ஆகவே அந்தப் பெயர்கள் விடைகளில் அடிக்கடி வரும். மண்ணும் வெயிலும் வேறு என்றாலும், எண்ணெய் பரவுவதும் கரைவதும் படிவதும் எல்லா ஊரிலும் ஒரே விதிகளின்படிதான்.

1. கச்சா எண்ணெய் பூமிக்குள்ளிருந்து எடுத்ததுதானே? மறுபடி மண்ணில் சிந்தினால் அப்படி என்ன கெட்டுவிடும்?

அது இருந்த இடம் வேரும் மண்புழுவும் கிணறும் எட்டாத ஆழம். அதன்மேல் எண்ணெய் ஊடுருவ முடியாத பாறை அடுக்கு மூடியிருந்தது. உயிர்கள் நிறைந்த மேல்மண்ணுக்கும் அந்த ஆழத்துக்கும் தொடர்பே இல்லை. மண்ணிலிருந்து வந்தது என்பதனாலேயே ஒரு பொருள் தீங்கற்றது ஆகிவிடாது. ஆர்சனிக்கும் மண்ணில் உள்ளதுதான்.

கச்சா எண்ணெய் ஒற்றைப் பொருள் அன்று, ஆயிரக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின், அதாவது ஹைட்ரஜனும் கார்பனும் சேர்ந்த சேர்மங்களின், கலவை. அவற்றுள் பென்சீன், டொலுவீன், சைலீன் போன்ற இலகுவானவை விரைந்து ஆவியாகும், ஓரளவு நீரிலும் கரையும். பென்சீன் இரத்தப் புற்றுநோய்க்குக் காரணமாகும் பொருள். இடைநிலையில் உள்ள பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் சேற்றிலும் உயிரினங்களின் கொழுப்பிலும் தங்குகின்றன. கனமானவை தார்போல இறுகிவிடுகின்றன. இனி வரும் விடைகள் எல்லாவற்றிலும் இந்த மூன்று வகையும் பிரிந்து வெவ்வேறு வழியில் செல்வதை நினைவில் கொள்ள வேண்டும்.

2. குழாயில் ஓட்டை விழுந்தால் கட்டுப்பாட்டு அறையில் உடனே தெரிந்துவிடாதா? வால்வை மூடிவிட்டால் போதுமே?

தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் அழுத்தத்தையும் ஓட்டத்தையும் ஓயாமல் அளக்கிறார்கள். ஆனால் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மார்ஷல் நகருக்கு அருகே 2010 ஜூலை 25 மாலை நடந்ததைப் பாருங்கள். 30 அங்குல விட்டமுள்ள குழாய் ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளத்துக்குப் பிளந்தது. எச்சரிக்கை மணிகள் ஒலித்தன. குழாய்க்குள் எண்ணெயின் தொடர்ச்சி அறுந்து இடையில் வெற்றிடம் விழுந்திருக்கிறது என்று கருதிய பணியாளர்கள், அதை நிரப்புவதற்காக இருமுறை மீண்டும் எண்ணெயைச் செலுத்தினார்கள். 17 மணி நேரம் கழித்து, வேறொரு எரிவாயு நிறுவனத்தின் ஊழியர் நேரில் கண்டு தொலைபேசியில் தெரிவித்த பிறகே குழாய் மூடப்பட்டது. வெளியேறியது ஏறத்தாழ 32 லட்சம் லிட்டர். அதில் ஐந்தில் நான்கு பங்கு, மறுபடி செலுத்திய அந்த இரண்டு முறைகளில் வெளியேறியது. குழாயின் அந்தப் பகுதியில் குறை இருப்பது 2005-ஆம் ஆண்டுச் சோதனையிலேயே தென்பட்டிருந்தது என்பதையும் விசாரணை வெளிக்கொணர்ந்தது.

பெரும் பிளவுக்கே இந்த நிலை என்றால், ஊசித்துளைக் கசிவு இன்னும் கடினமானது. மொத்த ஓட்டத்தில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகக் கசிந்தால், அது அளவீட்டுக் கருவியின் இயல்பான ஏற்ற இறக்கத்துக்குள் மறைந்துவிடக்கூடும். சென்னை தண்டையார்பேட்டையில் 2013-இல் நிலத்தடிப் பெட்ரோலியக் குழாயின் கசிவு வெளிப்பட்டது, குடியிருப்புகளின் கிணற்று நீரில் எண்ணெய் வாடை வீசியதால்தான்.

3. எண்ணெய் தண்ணீரில் மிதக்கும். மேலாக அள்ளிவிட்டால் வேலை முடிந்தது, இல்லையா?

மிதப்பதை அள்ளுவது முதல் வேலை. முடிவான வேலை அன்று. முதல் ஓரிரு நாளில் இலகுவான எண்ணெயில் பெரும்பங்கு காற்றில் கலந்துவிடுகிறது. அருகில் வசிப்பவர்களுக்குத் தலைவலியும் குமட்டலும் கண் எரிச்சலும் வருவது இதனால்தான். ஒரு சிறு பங்கு நீரில் கரைகிறது. அதை அள்ள முடியாது. எஞ்சியது காற்றும் வெயிலும் பட்டுக் கெட்டியாகி, மணலையும் வண்டலையும் பற்றிக்கொண்டு எடை கூடி அடியில் படிகிறது.

மார்ஷலில் சிந்தியது கனடாவின் எண்ணெய் மணலிலிருந்து எடுத்த, தார்போலக் கெட்டியான பிட்டுமன். குழாயில் ஓடுவதற்காக இலகுவான எண்ணெய் கலந்து அதை இளக்கியிருந்தார்கள். சிந்திய பிறகு அந்த இலகுவான எண்ணெய் ஆவியாகிப் பறந்தது. பிட்டுமன் கலமசூ ஆற்றின் அடியில் இறங்கியது. மழைவெள்ளத்தால் ஆறு கரை புரண்டு ஓடிய நேரமாதலால், ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தூரத்துக்கு அது பரவியது, கரையோரச் சதுப்புகளிலும் ஏறியது. மேற்பரப்புக்கென்று வடிவமைத்த மிதவைத் தடுப்புகளால் அதைப் பிடிக்க முடியவில்லை. ஆற்றின் அடியைக் கோலால் குத்திப் பார்த்து, எவ்வளவு எண்ணெய் மேலே எழும்புகிறது என்பதை வைத்து எங்கே படிந்திருக்கிறது என்று வரைபடம் போட வேண்டியிருந்தது. 2013-இலும் தூர்வார ஆணையிட்டார்கள். மொத்தச் செலவு நூறு கோடி டாலரைத் தாண்டியது.

4. வாய்க்காலில் தேங்கிய நீரின் மேல் வானவில் நிறத்தில் மின்னுகிறது. அது எண்ணெய்தானா?

எப்போதும் இல்லை. இரும்புச் சத்துள்ள தேங்கிய நீரில் வாழும் பாக்டீரியாக்களும் இதே மினுமினுப்பை உண்டாக்கும். ஒரு குச்சியால் கலைத்துப் பாருங்கள்: பாக்டீரியாப் படலம் உடைந்த கண்ணாடித் துண்டுகளாகப் பிரிந்து அப்படியே நிற்கும், எண்ணெய்ப் படலம் நெளிந்து மறுபடி ஒன்றுசேர்ந்துவிடும். வாடையும் துணைச் சான்று. இது முதற்கட்டச் சோதனைதான், ஆய்வகச் சோதனைக்கு மாற்று ஆகாது.

எண்ணெய்தான் என்று உறுதியானாலும், மினுமினுப்பின் பரப்பை வைத்து அளவை மிகையாக மதிப்பிட வேண்டாம். வானவில் நிறம் காட்டும் படலம் ஒரு மில்லிமீட்டரில் மூவாயிரத்தில் ஒரு பங்கு தடிமனில்கூட இருக்கலாம். ஒரே லிட்டர் எண்ணெய் முக்கால் ஏக்கர் நீர்ப்பரப்பை மூடிவிட முடியும். அந்தத் தடிமனில் அதை அள்ளி எடுப்பது நடவாத காரியம். கவலைப்பட வேண்டியது கறுத்துத் திரண்டு நிற்கும் இடங்களைப் பற்றியும், படலம் நாள்தோறும் புதிதாகத் தோன்றும் இடங்களைப் பற்றியும். பின்னது, எங்கிருந்தோ இன்னும் ஊறிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அடையாளம்.

5. நெல் வயலில் எண்ணெய் புகுந்துவிட்டது. மறு போகம் விளையுமா?

எவ்வளவு, எந்த எண்ணெய், எந்த மண், அப்போது வயலில் நீர் நின்றதா என்ற நான்கையும் பொறுத்தது. நீர் நின்றிருந்தால் எண்ணெய் முதலில் மேலே மிதந்து தண்டைச் சுற்றி ஒட்டும், இளநாற்று கருகும். அந்த நிலையில் வாய் மடையை அடைத்து, எண்ணெய் அடுத்த வயலுக்கும் வடிகாலுக்கும் போகாமல் நிறுத்தி, நீர் வற்றுவதற்கு முன்பே மேலாக அள்ளிவிட்டால் மண்ணுக்குள் இறங்குவது பெருமளவு குறையும். நீரை வடித்துவிட்டால் படலம் முழுவதும் மண்மீது உட்கார்ந்துவிடும். பதற்றத்தில் பலரும் முதலில் செய்ய நினைப்பது அதைத்தான்.

மண்ணில் இறங்கிய எண்ணெய் மூன்று விதமாகக் கெடுக்கிறது. மண் துகளைப் பூசிவிடுவதால் மண் நீரை ஏற்க மறுக்கிறது. இடைவெளிகளை அடைப்பதால் காற்று உள்ளே போவதில்லை. மூன்றாவது அவ்வளவாகப் பேசப்படாதது: எண்ணெயைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் பெருகுவதற்கு நைட்ரஜன் வேண்டும், அதை அவை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. யூரியா போட்டும் பயிர் வெளிறி நிற்பதற்கு இது ஒரு காரணம். மணல் கலந்த, காற்றோட்டமுள்ள மண்ணில் இலகுவான எண்ணெய் ஓரிரு பருவத்தில் பெருமளவு சிதையலாம். டெல்டாவின் களிமண்ணில், அதிலும் நீர் தேங்கி ஆக்சிஜன் அற்ற நிலையில், சிதைவு மிக மெதுவாகவே நடக்கும். எனவே கசிவுக்குப் பின் நிலத்தைச் சில மாதம் காயவிட்டு, உழுது காற்றாட விடச் சொல்வார்கள். ஆனால் எண்ணெய் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று சோதித்துவிட்டு உழ வேண்டும். ஏன் என்பதற்கு 9-ஆம் விடையைப் பார்க்கவும்.

6. எங்கள் கிணறு முப்பது அடி. அவ்வளவு ஆழத்துக்கு எண்ணெய் இறங்குமா? ஒரே இடத்தில் தங்குமா, ஓடுமா?

இறங்கும். மின்னசோட்டாவின் பெமிட்ஜி அருகே 1979 ஆகஸ்ட் 20 அன்று குழாய் உடைந்து ஏறத்தாழ 17 லட்சம் லிட்டர் கச்சா எண்ணெய் சிந்தியது. அள்ளினார்கள், எரித்தார்கள், மண்ணை அகற்றினார்கள். அதற்குப் பிறகும் ஏறத்தாழ நான்கு லட்சம் லிட்டர் மண்ணுக்குள் இறங்கி நீர்மட்டத்தின் மேல் தங்கிவிட்டது. அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் 1983 முதல் அந்த இடத்தையே ஆய்வுக்களமாக வைத்திருக்கிறது. நிலத்தடியில் எண்ணெய் எப்படி நடமாடுகிறது என்பது பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி அங்கிருந்து வந்தது.

அங்கே தெரிந்தவை இவை. எண்ணெய்த் திரள் அதிகம் நகர்வதில்லை. ஆனால் அதிலிருந்து பென்சீன் போன்றவை சிறிது சிறிதாகக் கரைந்து, நீர் ஓடும் திசையில் ஒரு வால்போல நீள்கின்றன. மண்ணின் நுண்ணுயிர்கள் அவற்றைத் தின்று அந்த வால் எல்லையற்று நீளாமல் தடுக்கின்றன; இது நல்ல செய்தி. ஆனால் தின்னும்போது ஆக்சிஜன் தீர்ந்துவிடுவதால், அவை மண்ணிலுள்ள இரும்பு ஆக்சைடுகளைப் பயன்படுத்தத் தொடங்குகின்றன. இரும்பு கரைகிறது, அதனோடு ஒட்டியிருந்த ஆர்சனிக்கும் நீரில் கலக்கிறது. எண்ணெயில் இல்லாத ஒரு நஞ்சு, எண்ணெய் சிந்தியதால் கிணற்றுக்கு வருகிறது. பென்சீனுக்கு மட்டும் சோதித்துவிட்டு நீர் நல்லது என்று சான்று தருவது இதனால் போதாது.

மோசமான நிலை எதுவரை போகும் என்பதற்கு நைஜீரியாவின் நைஜர் கழிமுகத்திலுள்ள ஒகோனிலாந்து சான்று. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2011-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, நிசிசியோகென் ஒகாலே என்ற ஊரில் மக்கள் குடித்துவந்த கிணற்று நீரில் பென்சீன், உலக சுகாதார அமைப்பின் வரம்பைப்போல 900 மடங்குக்கும் மேல் இருந்தது. அருகில் ஓடியது ஒரு பெட்ரோலியக் குழாய்.

7. அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கலாமா?

கூடாது. கொதிக்கவைப்பது கிருமிகளுக்கான மருந்து. பென்சீன் 80 டிகிரியில் கொதித்து ஆவியாகும் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஆவி உங்கள் அடுப்பங்கரையில்தான் நிறையும். கனமான பொருள்களும் 6-இல் சொன்ன ஆர்சனிக்கும் பாத்திரத்திலேயே இருக்கும், நீர் சுண்டச் சுண்டச் செறிவு கூடும். வாடை வந்த நாளிலிருந்து சோதனை முடிவு வரும்வரை குடிக்கவும் சமைக்கவும் வேறு நீர்தான். கறவை மாட்டுக்கும் அதைக் காட்ட வேண்டாம்.

8. மீன் எதுவும் செத்து மிதக்கவில்லை. அப்படியானால் பாதிப்பு இல்லை என்றுதானே பொருள்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் இரு வகையினர் உண்டு. மீன் விற்க முடியாமல் தவிக்கும் மீனவர் ஆறுதல் தேடிக் கேட்கிறார். பொறுப்பை முடித்துக்கொள்ள விரும்பும் அதிகாரியும் இதையே கேட்கிறார். இருவருக்கும் விடை ஒன்றே: செத்து மிதக்கும் மீன் பாதிப்பின் ஓர் அடையாளம் மட்டுமே. வளர்ந்த மீன் அந்த இடத்தை விட்டு விலகிப் போக வல்லது. உடலில் புகுந்த பல்வளைய ஹைட்ரோகார்பன்களையும் ஓரளவு சிதைத்து வெளியேற்றிவிடும். முட்டைக்கும் குஞ்சுக்கும் அந்த வசதி இல்லை. மிகக் குறைந்த செறிவிலேயே மீன் கருவின் இதயம் சரியாக உருவாகாமல் போவது ஆய்வகங்களில் பலமுறை காட்டப்பட்டுள்ளது. அந்தக் குஞ்சுகள் கண்ணில் படாமலே மடியும். இழப்பு தெரிவது ஓரிரண்டு ஆண்டு கழித்து, வலையில்.

மட்டி, சிப்பி முதலியவை நகரவும் இயலாதவை, இந்தப் பொருள்களைச் சிதைக்கவும் வலுவற்றவை. நீரை வடிகட்டி உண்பதால் நஞ்சு உடலிலேயே சேரும். எனவே மீன் தேறிய பிறகும் மட்டிக்குத் தனிச் சோதனை வேண்டும். சேற்றில் வளை தோண்டும் நண்டுகளும் புழுக்களும் போனால், அவற்றை நம்பியிருக்கும் மீனும் இறாலும் உள்ளான் போன்ற கரைப்பறவைகளும் இரையின்றித் தவிக்கும். பறவைக்கு இன்னொரு இடரும் உண்டு: இறகில் எண்ணெய் ஒட்டினால் நீர் புகாத தன்மை போய்விடும், அலகால் கோதும்போது எண்ணெய் வயிற்றுக்குள் போகும். நாகை மாவட்டத்துக் கோடியக்கரைக்கு வலசைப் பறவைகள் வந்து தங்கும் மாதங்களில் கரையோரக் கசிவு நேர்ந்தால் எத்தகைய கேடு விளையும் என்பதை இதிலிருந்து அறியலாம். கலமசூவில் மீட்டுக் கழுவப்பட்ட விலங்குகளில் மிகப் பெரும்பாலானவை ஆமைகள். ஆற்றின் அடிக்கும் கரைக்கும் இடையே வாழ்பவை அவை.

9. இயற்கையே சரிசெய்துவிடும், பாக்டீரியா எண்ணெயைத் தின்றுவிடும் என்கிறார்களே?

பாதி உண்மை. நுண்ணுயிர்கள் தின்கின்றன என்பதை 6-இல் பார்த்தோம். ஆனால் ஆக்சிஜனும் நைட்ரஜனும் பாஸ்பரசும் கிடைக்கும் இடத்தில்தான் விரைவாகத் தின்னும். தாரைப்போல இறுகிய பகுதியை எளிதில் தொடாது. பெமிட்ஜியில் நான்கு பத்தாண்டுகள் கடந்தும் நிலத்தடியில் எண்ணெய் மிதக்கிறது.

இதே பாதி உண்மையை நம்பி நைஜர் கழிமுகத்தில் மேல்மண்ணை மட்டும் கிளறி உரமிட்டு, தூய்மை முடிந்தது என்று சான்று வழங்கிவந்தார்கள். 2011 ஐ.நா. அறிக்கை அந்த முறையைக் கடுமையாகக் குறை கூறியது. பல இடங்களில் எண்ணெய் ஐந்து மீட்டர் ஆழம்வரை போயிருந்தது. மேலே உழுதவர்கள் அதை எட்டவே இல்லை. முழுமையாக மீட்க 25 முதல் 30 ஆண்டுகள் ஆகும் என்று அவ்வறிக்கை மதிப்பிட்டது. ஆகவே, 'இயற்கை பார்த்துக்கொள்ளும்' என்று யாராவது சொன்னால், எந்த ஆழம்வரை, எத்தனை ஆண்டில், யார் அளந்து காட்டப்போகிறார்கள் என்று கேட்பது நியாயமே.

10. அலையாத்திக் காட்டுக்குள் எண்ணெய் போனால் மட்டும் ஏன் அவ்வளவு பயப்படுகிறார்கள்?

அலையாத்தி மரங்கள் ஆக்சிஜனற்ற சேற்றில் நிற்பவை. வேருக்கு வேண்டிய காற்றைச் சேற்றுக்கு மேல் நீட்டியிருக்கும் சுவாச வேர்களின் நுண்துளைகள் வழியாகவே பெறுகின்றன. ஓதம் ஏறும்போது வரும் எண்ணெய் அந்தத் துளைகளை அடைக்கிறது. இறங்கும்போது சேற்றில் தங்கிவிடுகிறது. நண்டு வளைகள் அதை ஆழத்துக்குக் கொண்டு போகின்றன. சில நாளில் இலை உதிரும். சில மரங்கள் பல மாதம் கழித்துச் சாகும். வேர்ப்பின்னலுக்குள் இயந்திரம் நுழைய முடியாது.

நைஜீரியாவின் போடோ சிற்றோடைப் பகுதியில் 2008-இல் ஒரே பெருங்குழாய் இருமுறை கசிந்ததில் ஏறத்தாழ ஆயிரம் ஹெக்டேர் அலையாத்திக் காடு பாதிக்கப்பட்டது. மீன்பிடியை நம்பியிருந்த 15,600 பேர் லண்டன் நீதிமன்றத்தை நாடினர். 2015 ஜனவரியில் ஐந்தரைக் கோடி பவுண்டு இழப்பீட்டுக்கு உடன்பாடு ஏற்பட்டது. பணம் வந்துவிட்டது, காட்டைத் தூய்மை செய்து மறுநடவு செய்வது அதற்குப் பிறகே தொடங்க முடிந்தது. முத்துப்பேட்டைக்கும் பிச்சாவரத்துக்கும் அருகே எந்தக் குழாய் வந்தாலும் முதலில் படிக்க வேண்டியது போடோவின் கதை.

11. சோப்புக் கரைசல் ஊற்றலாமா? மணல் போட்டு மூடலாமா? கொளுத்திவிட்டால் என்ன?

சோப்பும் சிதறடிக்கும் வேதிப்பொருள்களும் எண்ணெயை நுண்துளியாக்கி நீருக்குள் கலக்கும். கண்ணுக்கு மறையும், மீனுக்கு இன்னும் நெருங்கும். 1967-இல் 'டோரி கேனியன்' கப்பல் விபத்துக்குப் பிறகு இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில் டிடர்ஜென்ட்டை வாரி இறைத்த பாறைகள், எண்ணெய் மட்டும் பட்ட பாறைகளைவிட நெடுங்காலம் கழித்தே தேறின. வாய்க்காலிலும் ஏரியிலும் இதைச் செய்யவே கூடாது. மணல் போட்டு மூடுவது மறைப்பதே. கொளுத்துவது, தேர்ந்தவர்கள் காற்றுத் திசை பார்த்துச் சில சதுப்புகளில் செய்யும் முறை. ஊரார் செய்தால் உயிருக்கு ஆபத்து, எரியாத தாரும் அடியில் படியும்.

12. அப்படியானால் எல்லா மண்ணையும் வாரி எடுத்துவிடுவதுதானே முழுமையான தீர்வு?

இங்குதான் நிபுணர்களே முரண்படுகிறார்கள். 1978-இல் 'அமோக்கோ காடிஸ்' கப்பல் உடைந்து பிரான்சின் பிரிட்டனிக் கரையில் எண்ணெய் ஒதுங்கியபோது, இயந்திரங்களைக் கொண்டு சுரண்டி எடுத்த உவர்ச் சதுப்பு, அப்படியே விட்ட சதுப்பைவிடத் தாமதமாகவே மீண்டது. மண்ணோடு வேரும் விதையும் போய்விட்டன, தரைமட்டமும் தாழ்ந்து ஓத ஓட்டமும் மாறிவிட்டது. மனிதர்கள் மிதித்து நடப்பதாலேயே மேலே இருந்த எண்ணெய் சேற்றுக்குள் அழுந்துவதும் உண்டு.

என் கருத்து இது: குடிநீர்க் கிணற்றுக்கு அருகில், மண்ணில் எண்ணெய் ஊறிச் சொட்டும் இடத்தில், தயங்காமல் அகற்ற வேண்டும். சதுப்பிலும் அலையாத்தியிலும் திரண்டு நிற்பதை மட்டும் பலகைப் பாதை போட்டுக் கையால் அகற்றிவிட்டு, மிச்சத்தை ஆண்டுதோறும் அளந்து கண்காணிக்க வேண்டும். கண்காணிப்பு இல்லாமல் 'விட்டுவிடுவது' தீர்வில் சேராது.

13. என் நிலத்துக்கு அடியில் குழாய் போகிறது. கசிந்தால் யாரிடம் கேட்பது? குழாயைக் கள்வர்கள் துளைத்ததாக நிறுவனம் சொன்னால்?

1962-ஆம் ஆண்டுப் பெட்ரோலியம், கனிமக் குழாய்ச் சட்டத்தின்படி நிலம் உங்களுடையதே. அரசு பெறுவது பயன்பாட்டு உரிமை மட்டும். குழாய் செல்லும் நிலப்பட்டையில் நீங்கள் கட்டடம் எழுப்பவோ கிணறு தோண்டவோ மரம் நடவோ கூடாது. அதற்கு ஈடாக நிலத்தின் சந்தை மதிப்பில் பத்து விழுக்காடு தரப்படுகிறது. கசிவால் விளைந்த சேதம் இதில் அடங்காது, அது தனி.

மாசினால் வந்த இழப்புக்கும் நிலத்தை மீட்பதற்கும், 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தை நாடலாம். அதன் தென்மண்டல அமர்வு சென்னையில் உள்ளது. இழப்பீட்டு மனுவுக்குக் காலவரம்பு ஐந்து ஆண்டு. விபத்துகளில் தவறு யாருடையது என்று மெய்ப்பிக்காமலே பொறுப்பைச் சுமத்தும் கோட்பாட்டையும், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டையும் அச்சட்டம் ஏற்கிறது. ஆகவே, கள்வர்கள் துளைத்தார்கள் என்பது கள்வர்மீது வழக்குத் தொடுக்க உதவலாம். உங்கள் வயலைத் தூய்மை செய்யும் கடமையிலிருந்து குழாய்க்குரியவரை அதுமட்டுமே விடுவித்துவிடாது.

14. முதல் நாளிலேயே நாங்கள் எதைப் பதிவுசெய்து வைக்க வேண்டும்?

நெருப்பையும் வண்டிகளையும் தூர வைத்து, காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள். எண்ணெய் பரவிய எல்லையை நேரத்தோடு படமெடுங்கள். மறுநாளும் அதே இடத்தில் நின்று எடுங்கள். எந்த மடை எப்போது திறந்திருந்தது என்று குறித்து வையுங்கள். எண்ணெய் படாத பக்கத்து வயலிலிருந்தும் கிணற்றிலிருந்தும் மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். ஒப்பிட அது இல்லாவிட்டால், 'முன்பே இப்படித்தான் இருந்தது' என்ற வாதத்துக்கு விடையில்லை.

நீர் மாதிரி எடுப்பதில் பலரும் சறுக்குகிறார்கள். குளிர்பானப் புட்டியில் பாதி நிரப்பி வெயிலில் கொண்டு போனால், பென்சீன் ஆவியாகிப் புட்டியின் வெற்றிடத்துக்குப் போய்விடும். ஆய்வகம் 'இல்லை' என்று எழுதித் தரும். கண்ணாடிக் குப்பியில், காற்றுக் குமிழி இல்லாமல் விளிம்புவரை நிரப்பி, இறுக மூடி, பனிக்கட்டியில் வைத்து அனுப்ப வேண்டும். ஆய்வகத்தாரே அத்தகைய குப்பிகளைத் தருவார்கள். நீரை எடுத்தவர் யார், எடுத்த நேரம் என்ன, கைமாறியது எப்போது என்பன தாளில் இருக்க வேண்டும்; ஊராட்சித் தலைவரோ கிராம நிர்வாக அலுவலரோ உடனிருந்து கையொப்பமிட்டால் தீர்ப்பாயத்தில் அதன் மதிப்பு கூடும்.